நாட்டுச் செம்மறியில் குட்டி ஈனும் திறனை உயர்த்தும் கலப்பினச் சேர்க்கை: முழுமையான வழிகாட்டி

நாட்டுச் செம்மறி இனங்களில் பெரும்பாலானவை ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி போடுபவை. வறட்சியைத் தாங்கும், நெடுந்தூரம் நடந்து மேயும், உள்ளூர்ப் புழுக்களையும் நோய்களையும் ஓரளவு சமாளிக்கும். ஆனால் குட்டி எண்ணிக்கை மட்டும் உயர்வதில்லை. மந்தைக்குள்ளேயே இரட்டைக் குட்டி போடும் ஆடுகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கலாம். அது நல்ல வழிதான். ஆனால் ஈற்றுக்கு எத்தனை குட்டி என்ற பண்பில் பரம்பரையாக இறங்கும் பங்கு ஏறக்குறைய பத்து விழுக்காடுதான். மீதி எல்லாம் தீவனம், வயது, பருவம் ஆகியவற்றின் விளைவு. எனவே தேர்வு மட்டும் செய்தால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வர நீண்ட காலம் ஆகும்.

கலப்பினச் சேர்க்கை அந்தக் காலத்தைச் சுருக்குகிறது. பல குட்டி ஈனும் இனத்தின் கிடாவை நாட்டுப் பெட்டைகளுடன் சேர்த்தால், மகள்கள் முதல் தலைமுறையிலேயே கூடுதலாக ஈனத் தொடங்குகின்றன. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு குட்டி பிறப்பது ஒன்று. இரண்டும் பிழைத்துப் பால் மறந்து நிற்பது வேறு. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதிலும் ஒரே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறேன்: கிடாவிடம் விடப்பட்ட ஒவ்வொரு பெட்டைக்கும் ஓராண்டில் எத்தனை குட்டிகள் பால் மறந்து நிற்கின்றன?

கிடா வாங்கும் முன் ஓராண்டுக் கணக்கு

ஒவ்வோர் ஆட்டுக்கும் காதுத்தோடு போடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கிடா விட்ட தேதி, எந்தக் கிடா, ஈன்ற தேதி, பிறந்த குட்டிகள், உயிரோடு பிறந்தவை, பிறப்பு எடை, 90ஆம் நாள் உயிரோடு இருப்பவை, அன்றைய எடை. இவ்வளவையும் தாயின் எண்ணுக்கு நேரே எழுத வேண்டும். ஓராண்டு முடிவில் நான்கு எண்கள் கிடைக்கும்: நூறு பெட்டைக்கு ஈன்றவை எத்தனை, ஈற்றுக்குக் குட்டி எத்தனை, அவற்றில் பிழைத்தவை எத்தனை விழுக்காடு, இரண்டு ஈற்றுக்கு இடைப்பட்ட நாட்கள் எத்தனை.

இந்த எண்கள் ஏன் இன்றியமையாதவை என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். நூறு பெட்டைகளில் 85 ஈனுகின்றன, ஈற்றுக்கு 1.1 குட்டி, பிழைப்பு 90 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். பால் மறக்கும் குட்டிகள் 84. கலப்புக்குப் பின் ஈற்றுக்கு 1.7 குட்டி பிறக்கிறது, பிழைப்பு 75 விழுக்காடாகக் குறைகிறது என்றால் 108 குட்டிகள் நிற்கும். நல்ல லாபம். அதே மந்தையில் கவனிப்பு போதாமல் பிழைப்பு 55 விழுக்காடாக விழுந்தால் நிற்பவை 79. கலப்பே செய்யாமல் இருந்ததைவிடக் குறைவு. அதோடு 65 குட்டிகள் வீணாக இறந்திருக்கும், தாய்கள் மெலிந்திருக்கும். இந்த எடுத்துக்காட்டில் பிழைப்பு 58 விழுக்காட்டுக்குக் கீழே போகும்போது கலப்பின் ஆதாயம் மறைந்துவிடுகிறது. உங்கள் மந்தையின் சொந்த எண்களைப் போட்டு இந்த எல்லையை முதலில் கண்டுபிடியுங்கள்.

குறை எங்கே இருக்கிறது?

நான்கு எண்களில் எது பலவீனமாக இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் மருந்து. பெட்டைகள் பல காலியாகவே நின்றால், முதலில் கிடாவின் வளத்தையும் பெட்டைகளின் உடல் நிலையையும் பாருங்கள். கருச்சிதைவு அடிக்கடி நிகழ்ந்தால் புரூசெல்லோசிஸ், டாக்சோபிளாஸ்மோசிஸ் போன்ற நோய்களுக்குப் பரிசோதனை தேவை; இவை மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால் சிதைந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது. ஈற்று இடைவெளி நீண்டிருந்தால் பெரும்பாலும் பாலூட்டும் தாய்க்குத் தீவனம் போதவில்லை, அல்லது கிடா உரிய நேரத்தில் மந்தையில் இல்லை.

இப்போதே ஒற்றைக் குட்டிகளில் பத்தில் இரண்டு, மூன்று இறக்கின்றன என்றால் கலப்பைத் தள்ளிப்போடுங்கள். ஒற்றைக் குட்டியைக் காப்பாற்ற முடியாத மந்தையில் இரட்டைக் குட்டிகளின் நிலை இன்னும் மோசமாகும். மற்ற எண்கள் சரியாக இருந்து, ஈற்றுக்குக் குட்டி எண்ணிக்கை மட்டும் ஒன்றை ஒட்டி நிற்கும் மந்தையே கலப்பினச் சேர்க்கைக்குத் தகுதியானது.

கலப்பு எப்படிப் பலன் தருகிறது?

இதில் மூன்று தனித்தனி விசைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து அறிந்தவர்தான் சரியான திட்டம் போட முடியும்.

முதலாவது, இனங்களுக்கு இடையேயான வேறுபாடு. மூன்று குட்டி ஈனும் இனத்தையும் ஒரு குட்டி ஈனும் இனத்தையும் சேர்த்தால் மகள்கள் ஏறக்குறைய நடுவில் நிற்கும். 

இரண்டாவது, கலப்பு வீரியம். தொடர்பில்லாத இரண்டு இனங்கள் சேரும்போது பிறக்கும் குட்டி, பெற்றோரின் சராசரியைவிட உறுதியாக இருக்கும். கருவுறும் திறன், குட்டி பிழைப்பு, தாயின் பராமரிப்பு ஆகியவற்றில் இதன் விளைவு தனித்தனியே சிறிதாக இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது, வளர்ந்து நிற்கும் குட்டிகளின் எண்ணிக்கையில் பத்து, பதினைந்து விழுக்காடு வரை கூடலாம். தாயே கலப்பினமாக இருந்தால் பலன் இன்னும் கூடும். ஆனால் இது சேமித்து வைக்க முடியாத ஆதாயம். முதல் தலைமுறைக் கலப்புகளைத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் வீரியம் பாதியாகிவிடும்.

மூன்றாவது, ஒற்றை மரபணுவின் ஆற்றல். இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாட்டு இனத்தின் உருவத்தையும் உறுதியையும் இழக்காமல் குட்டி எண்ணிக்கையை மட்டும் உயர்த்தும் வழி இதில்தான் இருக்கிறது.

சுந்தரவனத்திலிருந்து புறப்பட்ட மரபணு

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பூரூலா என்ற பண்ணையின் மெரினோ ஆடுகள் வழக்கத்துக்கு மாறாக இரண்டு, மூன்று, நான்கு என்று குட்டிகள் போட்டன. பல மரபணுக்களின் கூட்டு விளைவு என்று முதலில் எண்ணப்பட்டது, பிறகு ஒரே ஒரு மரபணு மாற்றத்தின் வேலை என்று தெரிந்தது. 2001ஆம் ஆண்டில் மூன்று ஆய்வுக் குழுக்கள் அந்த மாற்றத்தை பிஎம்பிஆர்1பி என்ற மரபணுவில் கண்டறிந்தன. ஃபெக்-பி என்பது அதன் பெயர். மேற்கு வங்கத்தின் சுந்தரவனப் பகுதியில் வளரும் கரோல் என்ற மிகச் சிறிய செம்மறி இனத்திலும் அதே மாற்றம் இருப்பது அடுத்து உறுதியானது. 1790களில் வங்காளத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆடுகள் வழியாக அது மெரினோவுக்குள் சென்றது என்பதே இன்று ஏற்கப்படும் விளக்கம். சீனாவின் ஹூ, சிறுவால் ஹான் இனங்களிலும் ஜாவாவின் மெல்வால் ஆட்டிலும் இதே மரபணு உண்டு.

இதன் வேலை எளிது. கருமுட்டைப் பைகள் முன்கூட்டியே முதிர்வதால் ஒரே பருவத்தில் பல முட்டைகள் வெளியாகின்றன. ஒவ்வோர் ஆடும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளைப் பெறும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இந்த மாற்றம் ஒரு பிரதியில் மட்டும் உள்ள பெட்டைக்குச் சராசரியாக ஒன்றரை முட்டை கூடுதலாக வெளியாகும். இரண்டு பிரதிகள் இருந்தால் மூன்று வரை கூடும். பிறக்கும் குட்டிகளில் ஒரு பிரதியின் விளைவு, ஈற்றுக்கு ஏறக்குறைய ஒரு குட்டி வரையிலான உயர்வு. ஒரு பிரதி உள்ள பெட்டை பெரும்பாலும் இரட்டை போடும். இரண்டு பிரதி உள்ளவை மூன்றும் நான்கும் போடும். மேய்ச்சலை நம்பிய மந்தைக்கு அது தாங்காத சுமை.

மகாராஷ்டிரத்தின் பல்டண் நகரில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோல் கிடாக்களைத் தக்காணி பெட்டைகளுடன் சேர்த்தது. கரோல் மிகவும் சிறியது. அதன் கலப்புக் குட்டிகளும் சிறுத்தே இருக்கும். ஆகவே மரபணு உள்ள சந்ததியை மீண்டும் மீண்டும் பெரும்பாலும் தக்காணியுடனேயே சேர்த்து, உருவத்தைத் திரும்பப் பெற்று, மரபணுவை மட்டும் தக்கவைத்துக்கொண்டார்கள். அப்படி உருவானதுதான் சுவர்ணா. ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்தியச் செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அவிஷானில் கரோலின் பங்கு எட்டில் ஒன்றுதான். பாதி பட்டன்வாடி, மீதி மால்புரா. இஸ்ரேலில் பூரூலா வழியாக அவாசி இனத்துக்குள் அதே மரபணு சென்று அஃபெக்-அவாசி உருவானது. அது கொட்டகையில் வைத்து, தீவனம் நிறையக் கொடுத்து, பாலுக்காக வளர்க்கப்படும் ஆடு. ஒரே மரபணு எவ்வளவு வேறுபட்ட வளர்ப்பு முறைகளில் எப்படி அளந்து பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எல்லா மரபணுவும் இப்படி நடந்துகொள்வதில்லை. நியூசிலாந்தின் ரோம்னி ஆடுகளில் கண்டறியப்பட்ட இன்வர்டேல் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; பெட்டைக்கு இந்தக் குரோமோசோம் இரண்டு, கிடாவுக்கு ஒன்றே ஒன்று, அதை அது எல்லா மகள்களுக்கும் தரும். ஒரு பிரதி இருந்தால் பெட்டை கூடுதலாக ஈனும். இரண்டு பிரதி சேர்ந்துவிட்டால் அது முற்றிலும் மலடு. அந்த மரபணு உள்ள கிடாவின் மகள்கள் அனைத்தும் அதைச் சுமக்கும். அந்த மகள்களை அதே மரபணு உள்ள இன்னொரு கிடாவிடம் விட்டால், பிறக்கும் பெட்டைக் குட்டிகளில் பாதி மலடாகும். “பல குட்டி போடும் வம்சம்” என்று யாராவது ஒரு கிடாவைத் தந்தால், எந்த மரபணு என்று கேட்டுப் பரிசோதனைச் சான்று வாங்குவது இதனால்தான்.

எந்த இனத்தைச் சேர்ப்பது?

பெயர் பெற்ற இனங்கள் பல உண்டு. ரஷ்யாவின் ரோமனோவ், பின்லாந்து நாட்டின் ஃபின்ஷீப், மொராக்கோ பாலைவனச் சோலைகளின் டிமான், கரீபியனின் பார்படாஸ் பிளாக்பெல்லி, ஜெர்மனியின் ஈஸ்ட் ஃபிரீசியன், மேலே சொன்ன ஹூ, கரோல், பூரூலா மெரினோ. குட்டி எண்ணிக்கையை மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பெரும் பிழை.

முதலில் தட்பவெப்பம். குளிர் நாட்டு இனங்களில் பல, பகல் குறையும் மாதங்களில் மட்டுமே பருவத்துக்கு வரும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாட்டு ஆடுகளோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வருபவை; அந்த அரிய பண்பைக் கலப்பில் இழந்துவிடக் கூடாது. கடும் வெப்பத்தில் கருவின் தொடக்க நாட்களிலேயே இழப்பு ஏற்படும், கிடாவின் விந்தணுக்களும் பாதிக்கப்படும். பால் நிறையத் தரும் ஈஸ்ட் ஃபிரீசியன் வெப்பமான நாடுகளில் நுரையீரல் நோய்க்கு எளிதில் இரையாகிறது. கம்பளியில்லாத ஆடுகள் உள்ள வெப்பப் பகுதிக்கு, அதுபோன்ற சூழலிலேயே பழகிய பார்படாஸ் பிளாக்பெல்லி பொருத்தமானது.

அடுத்து உடல் அளவு. கிடாவின் இனம் மிகப் பெரியதாக இருந்தால் ஈற்றில் சிரமம். மிகச் சிறியதாக இருந்தால் குட்டியின் விலை போய்விடும். மூன்றாவது பால். இரண்டு குட்டிக்குப் பால் தராத தாய்க்குள் இரண்டு குட்டியை வைப்பதில் பயனில்லை. நான்காவது புழு எதிர்ப்பு. மேய்ச்சல் ஆட்டுக்கு இது உயிர்நாடி.

ஃபெக்-பி மரபணுவைப் பரிசோதிக்கும் வசதி உள்ள இடமென்றால் மரபணு வழியே சிறந்தது என்பது என் தீர்மானமான கருத்து. அந்த வசதி இல்லாத இடத்தில், ஒத்த தட்பவெப்பத்தில் வளரும் பல குட்டி இனத்தை அளவோடு கலப்பதே பாதுகாப்பானது.

எந்த வடிவத்தில் கலப்பது?

*முதல் தலைமுறைத் தாய் முறை.* ஒருபுறம் தூய நாட்டுப் பெட்டைகளைப் பல குட்டி இனக் கிடாவுடன் சேர்த்துக் கலப்புப் பெட்டைகளை உண்டாக்குவது. மறுபுறம் அந்தக் கலப்புப் பெட்டைகளை இறைச்சி வளர்ச்சி மிக்க மூன்றாம் இனக் கிடாவுடன் சேர்த்து, பிறக்கும் குட்டிகள் அனைத்தையும் விற்றுவிடுவது. வீரியம் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் தூய மந்தை ஒன்று எப்போதும் தேவை. சிறு மந்தை வைத்திருப்பவர் தனியாக இதைச் செய்ய முடியாது. பலர் சேர்ந்து, ஒருவர் கலப்புப் பெட்டை உற்பத்தி செய்ய மற்றவர் வாங்கி வளர்த்தால் நடக்கும்.

*சுழற்சி முறை.* இரண்டு இனக் கிடாக்களைத் தலைமுறைக்கு ஒன்றாக மாற்றுவது. வீரியத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிலைக்கும். மூன்று இனம் என்றால் 86 விழுக்காடு. சொல்வதற்கு எளிது, எந்த மகள் எந்தக் கிடாவுடையது என்ற பதிவு பிசகினால் குழப்பம்.

*கூட்டு இனம்.* இரண்டு, மூன்று இனங்களைக் குறித்த விகிதத்தில் கலந்து, பிறகு தங்களுக்குள்ளேயே பெருக்குவது. சம பங்கில் இரண்டு இனம் என்றால் பாதி வீரியமும் நான்கு என்றால் முக்கால் வீரியமும் நிலைக்கும். அமெரிக்காவின் பாலிபே, பிரான்ஸின் ஐஎன்ஆர்ஏ 401 ஆகியவை இப்படி உருவானவை. பெரிய மந்தையும் பல ஆண்டுப் பொறுமையும் உள்ள நிறுவனங்களுக்கு ஏற்ற வேலை.

*மரபணுவை மட்டும் ஏற்றும் மீள்கலப்பு.* இதன் படிகளைத் தெளிவாகச் சொல்கிறேன். இரண்டு பிரதி உள்ள கிடாவை நாட்டுப் பெட்டைகளிடம் விட்டால் பிறக்கும் அனைத்துக்கும் ஒரு பிரதி இருக்கும். அயல் இரத்தம் 50 விழுக்காடு. அவற்றில் நல்ல கிடாக் குட்டிகளைத் தேர்ந்து மீண்டும் தூய நாட்டுப் பெட்டைகளிடம் விட வேண்டும். இம்முறை பாதிக் குட்டிகளுக்குத்தான் மரபணு இருக்கும். இரத்த மாதிரி எடுத்துப் பரிசோதித்து, மரபணு உள்ளவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அயல் இரத்தம் 25 ஆகும். அடுத்த சுற்றில் 12.5, அதற்கடுத்து 6.25. பார்ப்பதற்கும் நடப்பதற்கும் நாட்டு ஆடு, ஈனுவது இரட்டை.

மரபணு உள்ள கிடாவையும் மரபணு உள்ள பெட்டையையும் சேர்த்தால் கால்வாசிக் குட்டிகள் இரண்டு பிரதியோடு பிறக்கும். மேய்ச்சல் மந்தையில் இதைத் தவிர்க்க எளிய வழி: மரபணு உள்ள பெட்டைகளுக்கு மரபணு இல்லாத கிடாவையும், மரபணு இல்லாத பெட்டைகளுக்கு மரபணு உள்ள கிடாவையும் விடுவது. இரண்டு குழுக்களும் தனித்தனியே மேய்ந்தால்தான் இது சாத்தியம்.

கிடாவைத் தேர்ந்தெடுத்தல்

குட்டி ஈனும் திறன் கிடாவின் உடலில் தெரியாது. பரிசோதனை இல்லாத இடத்தில், கிடாவின் தாய் குறைந்தது மூன்று ஈற்றில் என்ன செய்தாள் என்ற பதிவே சான்று. முதல் ஈற்றில் ஒன்று, அடுத்த இரண்டிலும் இரட்டை, எல்லாம் பால் மறந்தன என்று பதிவு சொன்னால், ஒரே ஈற்றில் நான்கு போட்டு மூன்றை இழந்த தாயின் மகனைவிட அந்த மகனே மேல்.

விரைகள் இரண்டும் சம அளவில், உறுதியாக, கட்டி இல்லாமல் இருக்க வேண்டும். அடிப்பகுதியில் வீக்கம் தட்டுப்பட்டால் புரூசெல்லா சோதனை செய்யாமல் வாங்காதீர்கள். விரைச்சுற்றளவு பெரிதாக உள்ள கிடாவின் மகள்கள் சீக்கிரமே பருவத்துக்கு வரும் போக்கும் உண்டு. கால், குளம்பு, பல் மூன்றையும் பாருங்கள்.

வாங்கிய கிடாவை ஒரு மாதம் தனியாக வைத்து, குடற்புழு நீக்கம் செய்து, தடுப்பூசி போட்டு, பிறகே மந்தைக்குள் விட வேண்டும். விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகிறது. இன்று காய்ச்சல் வந்த கிடாவின் வளக்குறைவு பல வாரங்கள் கழித்துத்தான் பெட்டைகள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவதில் தெரியும். எனவே கிடாவுக்கான கூடுதல் தீவனமும் நிழலும் சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். வளர்ந்த கிடாவுக்கு 25 முதல் 35 பெட்டைகள். இளங்கிடாவுக்கு 15 முதல் 20.

பெட்டைகளைத் தயார்செய்தல், சேர்த்தல்

முதுகெலும்பைத் தடவிப் பார்த்து 1 முதல் 5 வரை உடல் நிலை மதிப்பெண் போடும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள். எலும்பு முனைகள் கூர்மையாகத் தட்டுப்பட்டால் 1. கொழுப்பில் புதைந்து தட்டுப்படவே இல்லை என்றால் 5. சேர்க்கையின்போது 3 அல்லது சற்று மேல் இருப்பது நல்லது. இளம்பெட்டையை, வளர்ந்த தாயின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய பிறகே கிடாவிடம் விட வேண்டும்.

சேர்க்கைக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்து, உடல் அளவுக்கு ஏற்ப நாளொன்றுக்கு 200 முதல் 400 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் முட்டை வெளியேற்றம் கூடும். இடைத்தரமாக உள்ள ஆடுகளில்தான் இது நன்றாக வேலை செய்கிறது. கொழுத்த ஆடுகளில் பலன் இல்லை. பல குட்டி மரபணு ஏற்கெனவே உள்ள பெட்டைகளுக்கு இதைக் கொடுத்து மும்மைக் குட்டிகளை வரவழைக்காதீர்கள்.

கிடாவை ஒரு மாதத்துக்கு மேலாகக் கண்ணிலும் மூக்கிலும் படாத தொலைவில் வைத்திருந்து திடீரென்று விட்டால், பல பெட்டைகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் பருவத்துக்கு வரும். முதல் முட்டை வெளியேற்றம் சில நாட்களில், பெரும்பாலும் பருவ அறிகுறி காட்டாமல் நடந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் பருவம் ஏறக்குறைய 17 முதல் 25 நாட்களுக்குள் வரும். ஈற்றுகள் நெருக்கமாக அமைந்தால் கவனிப்பும் எளிது.

பருவச் சுழற்சி 17 நாள். கிடாவின் மார்பில் சாயம் பூசி, 17 நாளுக்கு ஒரு முறை நிறத்தை மாற்றுங்கள். முதல் நிறம் பட்ட பெட்டைகளில் பல, இரண்டாம் நிறத்தையும் பெற்றால் கிடாவை உடனே மாற்ற வேண்டும். மூன்று சுழற்சி, அதாவது 51 நாள் முடிந்ததும் கிடாவைப் பிரித்துவிடுங்கள். ஒரு குழுவுக்கு ஒரே கிடா. அப்போதுதான் தந்தை யார் என்ற பதிவு பொய்யாகாது.

சினைக்காலம்: கலப்பின் வெற்றி தீர்மானிக்கப்படும் இடம்

சினைக்காலம் ஏறக்குறைய 147 நாள். முதல் மாதம் ஆடுகளை வெயிலில் நெடுந்தூரம் ஓட்டுவதையும் வண்டியில் ஏற்றுவதையும் தவிருங்கள். 45 முதல் 90 நாட்களுக்குள் ஸ்கேன் செய்தால் வயிற்றில் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். கலப்பின மந்தைக்கு இந்தச் செலவு வீணல்ல. தீவனத்தை யாருக்குக் கூட்டுவது என்பதை இதுதான் சொல்கிறது.

குட்டியின் எடையில் ஏறக்குறைய 70 விழுக்காடு கடைசி ஆறு வாரங்களில் சேர்கிறது. அதே நேரத்தில் வளரும் கருப்பை இரைப்பையை நெருக்குவதால் தாயால் அதிகம் தின்ன முடியாது. இரண்டு குட்டி சுமப்பவற்றைத் தனியாகப் பிரித்து, குறைந்த அளவில் நிறைந்த சத்து தரும் தானியம், பிண்ணாக்கு கலந்த தீவனத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இதில் குறை வைத்தால் சினைக்கால நச்சு நோய் வரும்: ஆடு கூட்டத்திலிருந்து ஒதுங்கும், தீவனம் மறுக்கும், பற்களை நறநறவென்று கடிக்கும், தள்ளாடும், பார்வை மங்கும், பின் படுத்துவிடும். ஒதுங்கும் நிலையிலேயே கண்டுகொண்டு, கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி புரொப்பிலீன் கிளைக்கால் என்ற ஆற்றல் தரும் திரவத்தை வாய்வழி கொடுக்கத் தொடங்கினால் காப்பாற்ற வாய்ப்புண்டு. படுத்த பின் வாய்ப்பு மிகக் குறைவு.

ஈற்றுக்கு மூன்று, நான்கு வாரம் முன்பு தாய்க்குத் துள்ளுமாரி (குடல் நச்சு) நோய்த் தடுப்பூசி போட்டால் பாதுகாப்பு சீம்பால் வழியே குட்டிகளுக்கும் சேரும்.

ஈற்றும் முதல் மூன்று நாட்களும்

தாயும் குட்டிகளும் முதல் ஒன்றிரண்டு நாள் தனித் தடுப்பில் இருக்கட்டும். இரட்டைக் குட்டியில் ஒன்று எழுந்து நடந்ததும் தாய் அதன் பின்னே போய்விட, மற்றொன்று கைவிடப்படுவதுதான் திறந்த வெளியில் அடிக்கடி நடக்கும் இழப்பு. தொப்புள்கொடியை அயோடின் கரைசலில் நனையுங்கள். பிறப்பு எடையை நிறுத்து எழுதுங்கள். சிறிய நாட்டு இனங்களில்கூட ஒன்றரைக் கிலோவுக்குக் கீழ் உள்ள குட்டி தனிக் கவனிப்பு இல்லாமல் பிழைப்பது கடினம்.

முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 50 மில்லி, முதல் நாளுக்குள் கிலோவுக்கு 200 மில்லி சீம்பால் உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் வேளை 100 மில்லி, நாளுக்கு 400 மில்லி. சுயமாகக் குடிக்காத குட்டிக்குக் கறந்து கொடுங்கள். உபரி சீம்பாலை உறையவைத்துச் சேமித்தால் அடுத்த தாய்க்குப் பால் சுரக்காதபோது உதவும்.

குட்டியின் இயல்பான உடல் வெப்பம் 39 முதல் 40 டிகிரி செல்சியஸ். 37க்குக் கீழே விழுந்தால் உயிருக்கு ஆபத்து. பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகி, பட்டினியோடு குளிர்ந்து கிடக்கும் குட்டியைச் சர்க்கரைச் சத்து ஏற்றாமல் சூடுபடுத்தினால் வலிப்பு வந்து இறந்துவிடும்; குளூக்கோஸ் ஊசி முதலில், வெப்பம் பிறகு. சோர்ந்த குட்டிக்குப் பாலை வலிந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மூன்றாவது குட்டியை, குட்டியை இழந்த அல்லது ஒற்றைக் குட்டி ஈன்ற வேறு தாயிடம் சேர்க்கலாம். அந்தத் தாயின் பனிக்குட நீரைக் குட்டியின் மேல் தடவிவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். இரண்டு வாரத்திலிருந்து குட்டிகள் மட்டும் நுழையக்கூடிய தடுப்பில் அடர்தீவனமும் தளிர்த் தீவனமும் வைத்தால் தாயின் மேல் சுமை குறையும்.

மகள்களை மதிப்பிடுதல், அளவை நிறுத்துதல்

கலப்பு மகள்களை முதல் ஈற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்காதீர்கள். முதல் ஈற்றில் குட்டி எண்ணிக்கை குறைவாகவே இருக்கும்; மூன்று முதல் ஆறு வயதில்தான் உச்சம். குறைந்தது இரண்டு ஈற்று முடியட்டும். பிறகு ஒவ்வொரு தாய்க்கும் ஒரு கணக்கு: பால் மறந்த குட்டிகளின் மொத்த எடை, தாயின் எடையில் எத்தனை விழுக்காடு? பெரிய உடலோடு நிறையத் தின்னும் கலப்பையும் சிறிய உடலோடு நன்றாக வளர்க்கும் கலப்பையும் இந்த எண் பிரித்துக் காட்டிவிடும். அதே வயதுள்ள தூய நாட்டுப் பெட்டைகளின் எண்ணோடு ஒப்பிட்டால்தான் இதற்குப் பொருள் உண்டு.

மரபணு மீள்கலப்பைத் தவிர்த்த மற்ற முறைகளில், மேய்ச்சலை நம்பிய மந்தையில் அயல் இரத்தம் கால் பங்கிலிருந்து அரைப் பங்குக்குள் நிற்பது நல்லது என்பது என் கருத்து. அரைப் பங்கைத் தாண்டிய பின் புழு, வெப்பம், நடை ஆகியவற்றில் நாட்டு ஆட்டின் உறுதி வெளிப்படையாகக் குறையத் தொடங்கும். பலரும் முதல் தலைமுறையின் பலனைக் கண்டு மகிழ்ந்து, அதே அயல் கிடாவை அந்த மகள்களிடமே விட்டுவிடுகிறார்கள். 75 விழுக்காடு அயல் இரத்தமும், தந்தையும் மகளும் சேர்ந்ததால் 25 விழுக்காடு உள்ளினப் பெருக்கமும் (நெருங்கிய இரத்த உறவுச் சேர்க்கையின் அளவு) ஒரே குட்டியில் வந்து சேர்கின்றன. கிடாவின் மகள்கள் சினைக்கு வரும் வயதை எட்டும் முன் அந்தக் கிடா மந்தையை விட்டு வெளியேறியிருக்க வேண்டும்.

தூய நாட்டு மந்தையைக் காத்தல்

இதை விருப்பப் படியாக எண்ண வேண்டாம். மேலே சொன்ன எல்லா வடிவங்களும் தூய நாட்டுப் பெட்டை கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் நிற்கின்றன. ஊர் முழுவதும் கலந்துவிட்டால் திரும்பி வர வழியில்லை.

ஒரு வட்டாரத்தில் 50 தூய பெட்டைகளையும் 2 கிடாக்களையும் மட்டும் வைத்து மூடிய மந்தையாகப் பெருக்கினால், தலைமுறைக்கு ஏறக்குறைய 6.5 விழுக்காடு உள்ளினப் பெருக்கம் ஏறும். அதே 50 பெட்டைகளுக்கு 10 கிடாக்கள் இருந்தால் 1.5 விழுக்காடுதான். ஆகவே பெட்டைகளைவிடக் கிடாக்களின் எண்ணிக்கைதான் இங்கே முக்கியம். பத்துக் கிடாக்களை ஒருவர் வைத்திருக்க முடியாது. ஐந்தாறு வளர்ப்பாளர்கள் ஆளுக்கு இரண்டு தூய கிடா வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை ஒரே திசையில் அடுத்தவருக்கு மாற்றிக்கொண்டால் போதும். கிடா கைமாறும்போது அதன் காதுத்தோடு எண், தாயின் ஈற்றுப் பதிவு, புரூசெல்லா சோதனை முடிவு மூன்றும் கூடவே போக வேண்டும். தூய பெட்டைகளில் பாதியையாவது ஒவ்வோர் ஆண்டும் தூய கிடாவிடமே விட்டு, கழிக்கும் முதிய ஆடுகளுக்கு ஈடான பெட்டைக் குட்டிகளை ஒதுக்கிய பிறகு, மிஞ்சிய பெட்டைகளை மட்டும் கலப்புக்கு அனுப்புங்கள்.